பழைய சான்ட்ரோவுக்கு இன்னும் எவ்வளவுதான் செலவு செய்வது?

பழைய கார் வைத்திருப்பவருக்கு ஆலோசனை சொல்ல ஆள் தேட வேண்டியதே இல்லை. "இன்னும் எதுக்கு இதைக் கட்டிட்டு அழுவுதீங்க டீச்சர், தள்ளி விடுங்க" என்பார்கள் பாதிப் பேர். "இன்ஜின் நல்லா இருக்குல்லா, முப்பதாயிரம் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும், முப்பதாயிரத்துக்கு எவன் கார் தருவான்?" என்பார்கள் மீதிப் பேர். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. எனக்குக் கிடைக்காமல் போனது வேறொரு தகவல்: எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது. 2023 கோடையில் தொடங்கி அந்த வருடம் தீபாவளி வரை இந்தக் காரோடு நான் தனியாகத்தான் மல்லுக்கட்டினேன். கணவர் மஸ்கட்டில். நான் தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. கார் விஷயம் பேசும் எல்லாருக்கும் முதலில் "சார் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் விலை சொல்ல வரும். அந்த எரிச்சலும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

வண்டி சான்ட்ரோ ஜிங், 1086 சிசி பெட்ரோல், 2008 நவம்பரில் பதிவானது. 2014இல் செகண்ட் ஹேண்டில் கடன் போட்டு வாங்கினேன். பள்ளி, மார்க்கெட், எப்போதாவது திருச்செந்தூர், வருடத்தில் சில முறை மதுரை. அதிகம் படுத்தாத வண்டி. அதனாலேயே பதினான்கு வருடத்து வண்டி என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை.

மே மாதம், கத்திரி வெயில். கண்புரை ஆபரேஷன் முடிந்த அம்மாவை மறு பரிசோதனைக்காக மதுரைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். பந்தல்குடி தாண்டியதும் ஏசியில் சூடான காற்று வந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது போல என்று கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் டெம்பரேச்சர் முள் மேல் கோட்டைத் தொட்டு நின்றது, பானட் இடுக்கில் ஆவி. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் பல கார்களில் கம்ப்ரஸரைத் தானாகவே நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏசி திடீரென்று சூடாக ஊதினால் முதலில் அந்த முள்ளைப் பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டுவிட்டு, ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். கோடையில் ஹீட்டரா என்று தோன்றும். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும். பைக்கில் வந்த ஒரு பையன் உதவி செய்கிறேன் என்று ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். பின்னால் லாரியை நிறுத்தியிருந்த டிரைவர் ஒரு சத்தம் போட்டார்: "ஏலே, தொடாத! மூஞ்சி வெந்துரும்!" உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். மூடியைத் திருகினால் பீய்ச்சி அடிக்கும். முக்கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும்.

வண்டிக்கு வயதாகிவிட்டதே என்று தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் போட்டிருந்தேன். அதில் டோயிங் வசதி ஒன்றும் கிடையாது. தூத்துக்குடி வரை தூக்கி வர வேனுக்கு 5,500 ரூபாய். அம்மாவின் அப்பாயின்ட்மென்ட் போனது. "பேசாம பஸ்ல போயிருக்கலாம்" என்று வேனின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மா ஊர் வந்து சேரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எங்கள் மெக்கானிக் நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை. "ரேடியேட்டர் அடைச்சிருக்கு டீச்சர், ஹோஸும் வெடிச்சிருக்கு. மாத்திட்டா சரியாயிரும்" என்றார். ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 6,800. வண்டி ஓடியது. ஆனால் ரிசர்வாயரில் கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் வெள்ளைப் புகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உட்புறம் பால் விட்ட காபி நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம்.

இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் அலுமினிய ஹெட்டுக்கும் நடுவில் ஒரு கேஸ்கெட் இருக்கும். கடுமையாகச் சூடேறினால் ஹெட் லேசாக வளைந்துவிடும், கேஸ்கெட் பிடிமானம் விட்டுவிடும். பிறகு ரேடியேட்டரை எத்தனை தடவை புதிதாக மாட்டினாலும் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். அதனால் ஆவி வரும் அளவுக்கு உங்கள் வண்டி சூடேறியிருந்தால், எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், "ஹெட் கேஸ்கெட் தாங்கியிருக்கா, டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று கேட்டுவிடுங்கள். ரேடியேட்டரில் ஒரு நீல திரவத்தை வைத்து, எரிந்த வாயு கலந்தால் அது மஞ்சளாவதைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று உண்டு. அது இல்லாத இடத்தில் கம்ப்ரஷன் டெஸ்டாவது எடுப்பார்கள். சில நூறு ரூபாய் வேலை. அதன் முடிவு தெரிந்த பிறகு ரேடியேட்டருக்குப் பணம் கொடுப்பதா, வேண்டாமா என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஹெட்டைக் கழற்றினார்கள். லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்து வந்தது. கேஸ்கெட் செட், வால்வு சீல், ஆயில், ஃபில்டர். ஹெட்டைக் கழற்ற டைமிங் பெல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் பெல்ட், டென்ஷனர், கூடவே வாட்டர் பம்ப். இந்தக் கூடுதல் வேலைகளைப் பார்த்து, தலையில் கட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். திறந்த இடத்திலேயே செய்தால் கூலி மிச்சம், பிறகு தனியாகச் செய்தால் அதே கூலியை இன்னொரு தரம் கொடுக்க வேண்டும். மொத்த பில் 21,400. ஆரம்பத்தில் சொன்னது "ஒரு பன்னெண்டு, பதிமூணு ஆகும்". பாதி வேலையில், ஹெட் லேத்தில் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அந்த இடத்தில்தான் பழைய கார்க்காரர்கள் எல்லாரும் சிக்குகிறோம். இவ்வளவு போட்டாயிற்றே என்று அடுத்த பில்லும், அதுவும் போட்டாயிற்றே என்று அதற்கடுத்ததும் பாஸாகிவிடும். கழற்றுவதற்கு முன்னாலேயே "எல்லாம் மோசமா இருந்தா அதிகபட்சம் எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள். குறைந்தபட்சத் தொகையை எல்லா மெக்கானிக்கும் சொல்லுவார். அதிகபட்சத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

வண்டி ஷெட்டில் கிடந்த நாட்களில் பள்ளிக்குப் போய் வர ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு 240 ரூபாய். எரிச்சலாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் ஒருவர், "அக்கா, இருக்கிற நிலைமையிலேயே குடுத்துருங்க, முப்பதாயிரம் தாரேன்" என்றார். ஹெட் இல்லாமல் கிடக்கும் காருக்கு முப்பதாயிரமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த முப்பதாயிரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

ஆகஸ்டில் அடுத்த விஷயம். நவம்பர் கடைசியில் ஆர்.சி.க்கு (வண்டியின் பதிவுச் சான்று) பதினைந்து வருடம் முடிகிறது. பதினைந்து வருடம் ஆனால் வண்டியை ரோட்டில் விட முடியாது என்று ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது டெல்லி வட்டாரத்துக் கதை. பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்ற தடை வந்தது அங்கேதான். நம் ஊரில் வண்டி ஓடும் தகுதியில் இருக்கிறது என்று ஃபிட்னஸ் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். ஆர்.சி. முடிவதற்கு அறுபது நாட்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், படிவம் 25. முன்பு காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. தேதி தவறினால் மாதம் 500 ரூபாய் அபராதம் சேரும். பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025இல் இந்தக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள். ஆகவே "புதுப்பித்து வைத்துக்கொள்வோம்" என்று முடிவெடுப்பவர்கள் இந்தத் தொகையையும் ரிப்பேர் கணக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஃபிட்னஸுக்கு முன்னால் அடிப்பக்கம் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே, ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தார். டக் டக் என்று வந்த சத்தம் ஒரு இடத்தில் மந்தமானது. கொஞ்சம் அழுத்தினார். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் பழுப்புச் செதில்கள் அவர் முழங்கையில் கொட்டின. வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, நான்தான் போன பொங்கலுக்குப் பாலிஷ் போட வைத்தேன். ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் கிளட்ச் பெடலுக்குக் கீழே தகரம் வீங்கியிருந்தது.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம் என்று இருக்கிற ஊர். இங்கே இன்ஜினை விட முன்னதாகத் தகரம் போகும் என்று பழைய டாக்ஸிக்காரர்களுக்குத் தெரியும். கதவுகளின் அடியிலும் ரன்னிங் போர்டின் அடியிலும் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். ஒரு பழைய பிரஷ்ஷும் கம்பியும் போதும் அந்த ஓட்டைகளைச் சுத்தம் செய்ய. கடலோர ஊரில் இருப்பவர்கள் வாட்டர் வாஷ் கொடுக்கும்போது மேல்பக்கத்தை விட அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.

டிங்கரிங் ஆளிடம் காட்டினேன். வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, அந்தப் பக்கம் பெயின்ட் அடிக்க 38,000 என்றார். எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். "ஒரு வருஷத்துக்கு நான் கேரண்டி டீச்சர். அதுக்கு மேல சொல்ல மாட்டேன். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்துல திரும்ப ஆரம்பிக்கும்." இந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான பதில் அதுதான். அதைச் சொன்னதால் அவருக்கு ஒரு வேலை போயிற்று.

அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். தகர வேலை 38,000. ஆர்.சி. 5,000. டயர் நான்கும் மாற்ற வேண்டும், 12,800. (டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.) லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் 14,000. ஏசி வேலை 9,000. கூட்டினால் 78,800. அதற்கு எதிர்ப் பக்கத்தில், நான்கு லட்சம் கடனில் ஓரளவு நல்ல பழைய கார் ஒன்று வாங்கினால், பன்னிரண்டு சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 8,900. வருடத்துக்கு ஒரு லட்சத்து ஏழாயிரம். ஆக, வெறும் கணக்குப்படி பார்த்தால் ரிப்பேர்தான் ஜெயிக்கிறது! "கார் விலையை விட ரிப்பேர் செலவு அதிகமானால் விற்றுவிடு" என்று எல்லாரும் சொல்லும் சூத்திரம் அதனால்தான் எனக்கு ஒத்துவரவில்லை. வயதான காரின் சந்தை விலை எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். ஒரு கிளட்ச் செட்டும் ஏசி வேலையும் சேர்ந்தாலே அதன் பாதியைத் தொட்டுவிடும். அதற்காக விற்றுவிட்டு வட்டி கட்டுவது புத்திசாலித்தனமா?

ரிப்பேர் வேண்டாம் என்று நான் முடிவெடுத்த காரணம் வேறு. இந்த 78,800ஐப் போட்டால் மூன்று வருடத்துக்கு இந்தத் தொல்லை தீருமா என்று ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். டயர், தீரும். சஸ்பென்ஷன், தீரும். ஏசி, தீரும். இந்த மாதிரி நிறைய விற்ற மாடல்களுக்குப் பாகங்கள் இன்னும் எளிதாகக் கிடைக்கின்றன. புதிது கிடைக்காவிட்டால் சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றின பாகமாவது கிடைக்கும். இன்ஜினும் சரி செய்தாகிவிட்டது. தகரம் ஒன்றுதான் தீராது. அதுவும் ஜாக்கி வைக்கும் இடம், ஆட்களின் எடையைத் தாங்கும் இடம். மோதினால் முதலில் மடங்கப்போகிற இடம். கிளட்ச், பேட்டரி, ஏசி, டயர் எல்லாம் செலவு செய்தால் முடிகிற நோய்கள், மற்றது நன்றாக இருந்தால் தயங்காமல் செய்யுங்கள். பாரம் தாங்கும் இடத்தில் துரு, சரி செய்த பிறகும் திரும்பத் திரும்பச் சூடேறும் இன்ஜின், வெள்ளத்தில் முங்கி வயரிங் போன வண்டி, இந்த மூன்றுக்கும் பணத்தைக் கொட்டினாலும் "முடிந்தது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்புறம் இன்னொன்றும் என்னையே கேட்டுக்கொண்டேன்: இந்தக் காரில் அம்மாவை ராத்திரியில் மதுரைக்குக் கூட்டிப் போவேனா? மாட்டேன். அந்த வேலைக்கு ஆகாத கார் ஊருக்குள் மட்டும் ஓடுவதற்கு என்றால், ஆட்டோவே போதுமே.

விற்கலாம் என்று முடிவான பிறகு விலை விசாரித்தேன். ஆன்லைனில் வண்டி எண்ணைப் போட்டால் எண்பதாயிரம் வரை காட்டியது. திருநெல்வேலியில் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு அதே கம்பெனி 35,000 என்றது. திரையில் காட்டும் விலையை நம்பி வேறு காருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஒரு புரோக்கர் ஐம்பத்தைந்தில் ஆரம்பித்து, ஆர்.சி. தேதியைப் பார்த்ததும் நாற்பதுக்கு இறங்கினார். "சார் நம்பர் குடுங்க, நான் அவர்ட்ட பேசிக்கிடுதேன்" என்று வேறு. வண்டி என் பெயரில் இருக்கிறது, சாருக்கு அதன் ஆயில் எங்கே ஊற்றுவதென்றே தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பழைய இரும்புக்காரர் கிலோ 24 ரூபாய்க்குக் கணக்குப் போட்டு இருபதாயிரம் சொன்னார். அவர் எந்தச் சான்றிதழும் தர மாட்டார். உடைக்கத்தான் போகிறது என்றால் அரசிடம் பதிவு பெற்ற ஸ்க்ராப்பிங் மையத்தில் கொடுங்கள். அவர்கள் தரும் டெபாசிட் சான்றிதழை வைத்துப் புது வண்டி வாங்கும்போது சாலை வரியில் சலுகை கேட்கலாம், மத்திய விதியில் சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரை என்று மேல்வரம்பு, அதற்குள் எவ்வளவு என்பது மாநிலத்தின் முடிவு. அதைவிட முக்கியம், ஆர்.சி. முறைப்படி ரத்தாகும். கடைசியில் கிடைத்த நல்ல விலை 43,000. இப்போது அந்த எலெக்ட்ரீஷியன் சொன்ன முப்பதாயிரத்துக்கு வருகிறேன். ரேடியேட்டர் அப்போதே மாற்றியாகிவிட்டது, ஹெட்டுக்கு நான் போட்டது 21,400. விலையில் ஏறியது 13,000. பெரிய ரிப்பேரில் கை வைப்பதற்கு முன் "இப்படியே கொடுத்தால் என்ன விலை, ஓடுகிற நிலையில் என்ன விலை" என்று இரண்டையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்துக்கு மேல் போடும் காசு நீங்கள் ஓட்டி அனுபவிப்பதற்கு, விற்றால் திரும்பி வராது.

43,000 கொடுத்தவர் எட்டயபுரம் பக்கத்து டிங்கரிங் தொழிலாளி. துருப்பிடித்த இடத்தை நானே காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம வேலைதானக்கா" என்று சிரித்தார். எனக்கு 38,000 ஆகும் வேலை அவருக்குத் தகரமும் கேஸும் சில ஞாயிற்றுக்கிழமைகளும்தான். மறைத்து வைத்து விற்கலாம் என்று யோசிப்பவர்கள் இப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பார்க்கலாம். உங்கள் வண்டியின் குறை யாருக்குக் குறைந்த செலவில் தீருமோ அவர்தான் நல்ல விலை தருவார். ஏசி போன வண்டியை ஏசி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

விலை பேசி முடித்தால் முடிந்தது என்று நினைத்தேன். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தது. கடன் 2017இலேயே முடிந்துவிட்டது, அன்று கொடுத்த தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் நான் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். பத்திரமாக வைத்தால் மட்டும் போதாதாம், ஆர்.டி.ஓ.வில் கொடுத்துப் பெயரை நீக்கியிருக்க வேண்டும். பழைய சான்று காலாவதி. வங்கியில் போய்க் கேட்டால் கடன் கணக்கு இப்போது வேறு அலுவலகத்தில் இருக்கிறது, அங்கே எழுதிக் கேட்டிருக்கிறோம் என்றார்கள். பள்ளியில் பர்மிஷன் போட்டுப் போட்டு அலைந்தேன். செப்டம்பர் முழுக்க அதிலேயே போனது. வாங்குபவர் பொறுமைசாலி, இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருப்பார். கார்க் கடன் முடித்தவர்கள் இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அப்படியே நிலுவையில் இ-சலான் (போக்குவரத்து அபராதம்) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெயர் மாற்றத்தில் மட்டும் யாருக்கும் தயவு காட்டாதீர்கள். புரோக்கர்கள் படிவம் 29, 30 இரண்டிலும் தேதியும் பெயரும் இல்லாமல் கையெழுத்து மட்டும் கேட்பார்கள், "பேரு அப்புறம் மாத்திக்கிடலாம்" என்பார்கள். வண்டி கை மாறி மாறிப் போகும், பதிவேட்டில் உங்கள் பெயரே நிற்கும். விபத்து நடந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். நான் படிவங்களை முழுதாக நிரப்பி, விண்ணப்பம் பதிவாவதைக் கூடவே இருந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன், வாங்குபவரின் ஆதார் நகலோடு. காலை பதினொன்றுக்குக் கொடுத்த வண்டி மதியம் மூன்று மணிக்கு எங்காவது இடித்தால் அந்த நேரம்தான் பேசும். பரிவாகன் ஆப்பில் புதுப் பெயர் வரும் வரை பார்த்துக்கொண்டே இருங்கள். ஃபாஸ்டேகை மறந்துவிட்டேன், அவர் ஒவ்வொரு முறை டோல்கேட் தாண்டும்போதும் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. போன் செய்து சொன்னதும் ஜிபேயில் அனுப்பிவிட்டார். கணக்கை மூடினால் டெபாசிட் தொகையும் திரும்ப வரும். முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் நோ கிளெய்ம் போனஸுக்கு (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளுபடி வண்டியைச் சேர்ந்ததில்லை, உங்களைச் சேர்ந்தது. மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

அடுத்த கார் தேட ஆரம்பித்த நேரத்தில் டிசம்பர் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் தெருவில் நின்ற கார்களில் சீட் வரைக்கும் தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருகியவர்களின் இன்ஜின் உள்ளே தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தது, திருகாமல் தூக்கிப் போனவர்கள் தப்பித்தார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. பிறகு 2024 தொடக்கத்தில் எனக்குக் காட்டிய வண்டிகள் எல்லாம் சந்தேகம் வருகிற அளவுக்குச் சுத்தத்தோடு, புது சீட் கவரும் சென்ட் வாசனையுமாக இருந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட்டை தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால் ஈர மண். இப்படி இரண்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, மே மாதம் கோவையிலிருந்து 2018 மாடல் வேகன் ஆர் ஒன்று வாங்கினேன், 3,65,000. கடன் தொகையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை முழு இன்சூரன்ஸ், டோயிங்கோடு சேர்த்து.